சக்கரத்தின் மேல் ஒரு குளிர்காலம்

போன கார்த்திகையில் என் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி இல்லாத சொந்தக்காரர் யாருக்கு இருக்கிறார்கள்? இவனிடம் இரண்டு வண்டி. ஒன்று மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பத் தயாராக வாசலில் நின்றது. துணை வண்டியில் பைப்புக்கு நடுவே அரிசி மூட்டை, அடுப்பு, பாத்திரம், பாய், நாலைந்து கம்பளி ஏற்றியிருந்தார்கள்.

"ஏந்தம்பி, அங்கே மார்கழி தையில் நல்ல குளிராச்சே. பசங்க ராத்திரி எங்க படுப்பாங்க?" என்று கேட்டேன்.

"வண்டியிலதானுங்கண்ணா. வேற எங்க?" என்றான்.

அவன் அதைக் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த வண்டிகள் ஊரை விட்டுக் கிளம்புவதைப் பார்த்து வளர்ந்த நானும் அந்தக் கேள்வியை அதுவரை கேட்டதில்லை. ஐந்து மாதம் நானே சக்கரத்தின் மேல் குடியிருந்ததால்தான் அன்று கேட்க வந்தது. அந்தக் கதையை இங்கே எழுதுவதாகப் பல பேரிடம் சொல்லி வருடம் ஆகிறது. இன்று எழுதிவிடுகிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் கடைசி காலத்தில் ஹூஸ்டனில் ஒரு கம்பெனியில் சப்-ஸ்டேஷன் ரிலே சோதிக்கும் வேலையில் இருந்தேன். 2010 நவம்பரில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். கனடா எல்லைக்குப் பக்கம், மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள கோதுமை ஊர். அந்த வருடம் ஏப்ரலில் எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி 14,716 பேர். நம் ஊரில் ஒரு தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குக் காணாது.

அங்கே எண்ணெய் புதிதல்ல. 1951இல் டியோகா என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில் முதல் கிணறு கண்டார்கள். ஆனால் பெரிய இருப்பு பாக்கன் எனும் பாறை அடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. நம் ரிக் 1,000 அடி, 1,500 அடி நேராக இறங்கும். அங்கே சுமார் 10,000 அடி கீழே இறங்கி, பிறகு படுக்கைவாக்கில் இன்னொரு 10,000 அடி போக வேண்டும். அப்புறம் தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விட வைக்க வேண்டும். அந்த வித்தை கைவந்தபின், 2007இல் நாளுக்கு ஒன்றேகால் லட்சம் பேரல் அளவில் இருந்த மாநிலத்தின் எண்ணெய் 2014இல் 10 லட்சத்தைத் தாண்டியது. 2012இல் அலாஸ்காவை முந்தி, டெக்சாசுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது.

2008 சரிவில் அமெரிக்கா முழுவதும் வேலை போன ஆட்கள், வேலை இருக்கும் ஊர் இது ஒன்றுதான் என்று வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, படுக்க இடம் இல்லை. விடுதிகள் மாதக்கணக்கில் முன்பதிவு ஆகியிருந்தன. அறை தருவதாகச் சொல்லித்தான் கம்பெனி என்னை அனுப்பியது. போய் இறங்கியதும், "இப்போதைக்கு இது" என்று ஒரு டிராவல் டிரெய்லரின் சாவியைக் கொடுத்தார்கள். அந்த "இப்போதைக்கு" மார்ச் வரை நீண்டது.

டிராவல் டிரெய்லர் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். என்னுடையது 26 அடி நீளம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் புரியும்: அந்த பாடியின் பலம் இதற்குக் கிடையாது. ஒல்லியான மரச்சட்டம், நடுவே ஒன்றரை அங்குலம் கண்ணாடிப் பஞ்சு, வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, அவ்வளவுதான் சுவர். கோடை விடுமுறையில் குழந்தைகளோடு ஏரிக்கரையில் நாலு நாள் தங்குவதற்காகச் செய்தது.

வில்லிஸ்டனில் ஜனவரி இரவு மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். மைனஸ் 30 அவ்வப்போது வந்து போகும். அந்த மாநிலத்தில் 1936 பிப்ரவரியில் மைனஸ் 51 வரை பதிவாகியிருக்கிறது. டிசம்பரில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் எழும், மாலை ஐந்துக்கு அடைந்துவிடும்.

ஊருக்கு வெளியே ஒரு விவசாயி தன் நிலத்தில் வரிசையாக மின்கம்பம் நட்டு இடம் வாடகைக்கு விட்டிருந்தார். அறுபது, எழுபது வண்டிகள் இருக்கும். பக்கத்து வண்டிக்காரர் ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்தவர், நாற்பது வயது. ஊரில் வீடு கட்டிக் கொடுக்கும் தச்சர். 2008க்குப் பிறகு கட்டட வேலை நின்று, தான் கட்டிய சொந்த வீடும் வங்கிக்குப் போய்விட்டது. மனைவி, இரண்டு குழந்தைகள் மாமனார் வீட்டில். இவர் இங்கே எண்ணெய்க் கிணற்றில் இரவு ஷிப்ட்.

குளிர்காலத்தில் வண்டியில் எப்படி இருப்பது என்று அவர்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். வண்டிக்கு அடியில் காற்று புகுந்தால் தரை பனிக்கட்டி ஆகிவிடும். அதனால் சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அடியை மூட வேண்டும். வைக்கோல் வந்தால் கூடவே எலியும் வரும். தண்ணீர்க் குழாய்க்கு மின்சாரத்தில் சூடாகும் பட்டை சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றியும் டிசம்பர் பாதியில் என் குழாய் உறைந்தது. பிறகு வேலை இடத்திலிருந்து கேனில் தண்ணீர் பிடித்து வந்தேன். குளிப்பதற்கு நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் காசு கொடுத்து, வாரம் இரண்டு தடவை.

கேஸ் விஷயம் உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். நம் வீட்டு சிலிண்டரில் பியூட்டேன் அதிகம். அது பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். அங்கே கொண்டுபோனால் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு எரியாது. அங்கே உபயோகிப்பது புரொப்பேன், மைனஸ் 42 வரை ஆவியாகும். ஆனாலும் மைனஸ் 30ல் அது சோம்பிப் போய்த்தான் வரும். மின்சாரத்தில் சூடேற்றலாமே என்பீர்கள். ஒரு வண்டிக்கு 120 வோல்ட், 30 ஆம்பியர். கணக்குப் போட்டால் 3,600 வாட். 1,500 வாட் ஹீட்டர் இரண்டு போட்டால் வேறு எதையும் போட முடியாது. எல்லாரும் போட்டால் வோல்டேஜ் படுத்துவிடும். மின்சாரக்காரனான எனக்கு அந்த வயரிங்கைப் பார்த்தாலே பயம்.

நாம் விடும் மூச்சு, சமையல் ஆவி எல்லாம் சுவரில் நீராகி, பிறகு பனியாகும். ஜன்னல் சட்டத்தில், திருகாணித் தலையில் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஒருநாள் காலை போர்வையை இழுத்தேன், வரவில்லை. அது சுவரோடு ஒட்டி உறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் போய் உட்காருவேன். படிப்பு ஆசை பாதி, இலவசச் சூடு பாதி. என்னைப் போல் பல பேர் அங்கே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தூங்கினார்கள். இந்த வண்டி எப்படித் தொழிலாளியின் வீடானது என்று அங்கேதான் தேட ஆரம்பித்தேன்.

1930 வாக்கில் டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் நிபுணர், விடுமுறைக்குப் போகத் தனக்கென்று ஒரு வண்டி கட்டினார். பார்த்தவர்கள் எல்லாம் கேட்க, அதுவே கம்பெனி ஆயிற்று. சில வருடத்தில் ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர், இருபது ஆண்டில் பாதி அமெரிக்கர்கள் டிரெய்லரில் வசிப்பார்கள் என்று சொல்லும் அளவுக்கு மோகம் வளர்ந்தது. ஆனால் விடுமுறை வண்டியை வேலைக்காரர் குடியிருப்பாக மாற்றியது இரண்டாம் உலகப் போர்.

மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ ரன் என்ற இடத்தில் வயல்வெளிக்கு நடுவே போர்டு கம்பெனி பி-24 குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலை கட்டியது. உச்ச காலத்தில் மணிக்கு ஒரு விமானம் என்று மொத்தம் 8,600க்கு மேல் செய்தார்கள். இந்த ரகம் நமக்கும் பழக்கம்தான். போர் முடிந்து கான்பூரில் விட்டுப்போன பழைய பி-24களைப் பெங்களூர் எச்.ஏ.எல். செப்பனிட்டது. நம் விமானப்படை 1968 வரை அவற்றை ஓட்டியது. இவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தவர்கள், அந்த ஆட்கள் எங்கே படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் மிச்சிகன் பனியில் கூடாரத்திலும், கார் கொட்டகையிலும், டிரெய்லரிலும் இருந்தன. நிரந்தர வீடுகள் கொண்ட நகரம் கட்டலாம் என்று தொழிற்சங்கம் சொன்னது. கம்பெனி எதிர்த்தது. கடைசியில் அரசாங்கம் 1943இல் தற்காலிக விடுதிகளும் டிரெய்லர் முகாமும்தான் அமைத்தது.

அதே 1943இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்போர்டு. அங்கே இருந்த விவசாயிகளை வெளியேற்றிவிட்டு ஒரு ரகசியத் தொழிற்சாலை எழுந்தது. அடுத்த வருடம் முகாமில் சுமார் 50,000 பேர். ஆண்களுக்குத் தனிக் கொட்டகை, பெண்களுக்குத் தனி, கறுப்பர்களுக்குத் தனி. குடும்பத்தோடு வந்தவர்களுக்கு டிரெய்லர் முகாம். ஆயிரக்கணக்கான வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. என்ன கட்டுகிறோம் என்று அவர்களில் அநேகமாக யாருக்கும் தெரியாது. நாகசாகியில் விழுந்த குண்டுக்கான புளூட்டோனியம் அங்கேதான் உருவானது. கட்டட வேலை முடிந்ததும் 1945 தொடக்கத்தில் முகாமை மூடிவிட்டார்கள். 50,000 பேர் இருந்த ஊர் இரண்டே வருடத்தில் இல்லாமல் போயிற்று.

படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. வீட்டுக்குச் சக்கரம் இருந்தால் வீடு கொடுக்கும் கடமை யாருக்கும் இல்லை. ஆள் வேண்டும், ஆனால் ஆளோடு வருகிற பள்ளிக்கூடம், சாக்கடை, தண்ணீர்க் குழாய், சுவர் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிட வசதியான கண்டுபிடிப்பு கிடையாது. சட்டமும் அப்படித்தான். அமெரிக்காவில் 1976 முதல், தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடுகளுக்கு மத்திய அரசின் தர விதி உண்டு. குளிர் தாங்க வேண்டும், தீ பரவக்கூடாது என்று கணக்கெல்லாம் உண்டு. டிராவல் டிரெய்லருக்கு அந்த விதி கிடையாது. ஏனென்றால் அது வீடு அல்ல, உல்லாசப் பயண வாகனம். ஆக, சட்டத்தின் கண்ணில் நான் மைனஸ் 30ல் ஐந்து மாதம் உல்லாசப் பயணத்தில் இருந்தேன்.

இனி அந்த இரவைச் சொல்கிறேன். வீட்டில் இதை முழுதாகச் சொன்னதில்லை.

எல்லா வண்டியிலும் ஓர் அபாயமணி இருக்கும். புகை வந்தாலும் கூவும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்தாலும் கூவும். என் வண்டியில் கடுகு தாளித்தாலே கூவும். இரவு பத்து மணிக்கு ரசம் தாளிப்பேன், அது அலறும், பக்கத்து வண்டிகளில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு. ஒருநாள் பேட்டரியைக் கழற்றி மேசை அறையில் போட்டேன். நாற்பது வருடம் மின்பாதுகாப்பு வேலை செய்தவன், ரிலேயை யாராவது கழற்றி வைத்தால் கத்துகிறவன், அதைச் செய்தேன்.

ஜனவரி கடைசியில் ஒரு ராத்திரி, மைனஸ் 31, காற்று வேறு. பன்னிரண்டு மணிக்கு மேல் கேஸ் ஹீட்டரின் காற்றாடி மோட்டார் நின்றுவிட்டது. காற்றாடி நின்றால் ஹீட்டர் எரியாது. இருந்த ஒரு மின் ஹீட்டர் போதவில்லை. அரை மணியில் கால் விரல் மரத்தது. அடுப்பின் மூன்று பர்னரையும் ஏற்றிவிட்டு, கதவு இடுக்கில் துண்டைத் திணித்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல சூடு வந்தது. தலை வலித்தது. களைப்பு என்று நினைத்தேன். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற மாதிரி ஏதோ கனவு. அவளுக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருடம் ஆகியிருந்தது.

கதவை உடைக்கிற மாதிரி தட்டும் சத்தம். எனக்கு எழுந்திருக்க மனமில்லை. தட்டியவர் விடவில்லை. எப்படியோ தாழ்ப்பாளைத் தள்ளினேன். ஐடஹோக்காரர் என் சட்டையைப் பிடித்து வெளியே பனியில் இழுத்துப் போட்டார். மணி காலை ஐந்து.

ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் குளிரில் ஒவ்வொரு வண்டியின் ஹீட்டர் துவாரத்திலிருந்தும் ஆவி வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும். தினமும் வரும்போது வரிசை முழுக்க ஒரு பார்வை பார்ப்பாராம். என் வண்டியில் மட்டும் ஆவி இல்லை. விளக்கு எரிகிறது, ஹீட்டர் எரியவில்லை, ஜன்னலில் நீர் வழிகிறது என்றால் உள்ளே அடுப்பை ஏற்றியிருக்கிறான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

அவர் வண்டியில் ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். வாந்தி எடுத்தேன். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். மூக்கில் ஆக்சிஜன் வைத்து மத்தியானம் விட்டுவிட்டார்கள். மாலையில் அவரே ஒரு மோட்டார் தேடி வாங்கி வந்து மாட்டினார். பிறகு அபாயமணியைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து புது பேட்டரியை எடுத்துப் போட்டு, பொத்தானை அழுத்தி, அது கூவுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதன்பிறகு தாளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொள்வேன். மைனஸ் இருபதிலும்.

மார்ச்சில் என் வேலை முடிந்தது. கிளம்பும்போது அவரிடம் பணம் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. என் குக்கரைக் கேட்டார், கொடுத்தேன். அடுத்த வருடம் வில்லிஸ்டன் நகரசபை ஊர் எல்லைக்குள் டிரெய்லரில் குடியிருக்கக் கூடாது என்று விதி போட்டது. ஊர்க்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சாக்கடை, குப்பை, தீ விபத்து என்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் 2014இல் அங்கே சின்ன அடுக்குமாடி வீட்டு வாடகை நியூயார்க்கையே மிஞ்சுவதாகப் பத்திரிகைகள் எழுதின. வண்டியிலும் இருக்காதே, வீடும் கிடையாது என்றால் தச்சுக்கூலி எங்கே போவான்?

2014 நடுவில் பேரல் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. 2015 கடைசியில் இரண்டு நாள் வேலையாக மறுபடி வில்லிஸ்டன் போனேன். அந்த விவசாயி நிலத்தில் மின்கம்பங்கள் மட்டும் பனியில் வரிசையாக நின்றன. இரண்டு, மூன்று வண்டிகளை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். ஐடஹோக்காரரின் செல்போன் எண் வேறு யாருடையதோ ஆகியிருந்தது. 2020 கணக்கெடுப்பில் அந்த ஊர் 29,160 பேர். இரட்டிப்பு ஆகிவிட்டது, நல்ல வீடுகள், புது பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிட்டன. நாங்கள் அந்த வண்டிகளில் இருந்தது முதல் கணக்கெடுப்பு முடிந்தபின், இரண்டாவது கணக்கெடுப்புக்கு வெகுகாலம் முன். இரண்டிலும் நாங்கள் இல்லை.

இதையெல்லாம் அன்று தம்பியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். "நம்ம பசங்க ஒரிசா, சத்தீஸ்கர்க்காரனுங்கண்ணா. ராத்திரி குளிருக்குச் சட்டியில கரி போட்டு கேபினுக்குள்ள வெச்சுக்குவாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. மேனேஜரைக் கூப்பிட்டு, கரிச்சட்டி கேபினுக்குள் போகக்கூடாது என்று அப்போதே சொல்லச் செய்தேன். ஆளுக்கு இரண்டு கம்பளி கூடுதலாக வாங்கவும், மைனஸ் போகாவிட்டாலும் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்குகிற இடத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கவும் சொன்னேன். கம்பளி வாங்கிவிட்டான். அறை பற்றி "பாக்கலாங்கண்ணா" என்றான்.

ரிக் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் அந்தக் கரிச்சட்டி விஷயத்தை மட்டுமாவது இன்றைக்கே உங்கள் வண்டிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். மூடிய இடத்தில் எரியும் கரிக்கும் நான் ஏற்றிய மூன்று பர்னருக்கும் வித்தியாசம் இல்லை. புகை வராது, நெடி வராது, தூக்கம் மட்டும் வரும். ஐந்து மணிக்கு வந்து கதவைத் தட்ட எல்லா இடத்திலும் ஆள் இருக்க மாட்டார்கள்.